எல்லாருக்கும் ஒரே ஓட்டமா, ஆளுக்கொரு ஓட்டமா? ரக்பி அணிக்கு ஸ்பிரிண்ட் பயிற்சியைப் பிரிக்கும் நான்கு வழிகள்

எங்கள் ரக்பி அணியில் இரண்டு விங்கர்கள், அதாவது மைதானத்தின் இரண்டு ஓரங்களிலும் ஆடும் ஓட்டக்காரர்கள். சீசன் தொடங்கும் முன்னால் இருவரையும் 30 மீட்டர் ஓடவிட்டு நேரம் எடுத்தோம். இருவருக்கும் 4.20 நொடி. நோட்டில் இரண்டு பெயருக்கு எதிரிலும் ஒரே எண்ணை எழுதிவிட்டு, இருவருக்கும் ஒரே பயிற்சி போதும் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அன்று இரவு ஃபோனில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டி, பத்துப் பத்து மீட்டராகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல் விங்கர் முதல் பத்து மீட்டரை 1.74 நொடியில் கடந்திருக்கிறார். அடுத்த பத்து 1.25, கடைசிப் பத்து 1.21. இரண்டாமவருக்கு அதே மூன்று துண்டுகள் 1.85, 1.21, 1.14. பத்து மீட்டரில் வைத்த முதல் கோனில் முக்கால் மீட்டர் அளவுக்குப் பின்தங்கிய ஆள், கடைசிக் கோனுக்குள் அந்த இடைவெளியை முழுதாகப் பிடித்துவிட்டார். இன்னும் பத்து மீட்டர் இருந்திருந்தால் முந்தியே போயிருப்பார்.

ஒருவர் கிளம்புவதில் கெட்டி, ஓடிப் பழகிய பிறகு சாதாரணம். இன்னொருவர் நேர் எதிர். இந்த இருவருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுப்பது சரியா? சரியில்லை என்றால் அணியில் மீதமுள்ள 22 பேருக்கும் தனித்தனியாகப் போட முடியுமா? எங்களுக்கு வாரத்தில் இரண்டு மாலைதான் பயிற்சி. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். அதில் ஸ்பிரிண்டுக்குக் கிடைப்பது அரை மணி. நானும் உதவிக்கு ஒரு தம்பியும், அவ்வளவுதான் ஆள் பலம். இந்த நிலைமையில் இருக்கும் எல்லா கிளப்புக்கும் இந்தக் கேள்வி வரும். நான்கு வழிகளை யோசித்தோம். சிலவற்றைச் செய்தும் பார்த்தோம்.

முதல் வழி, எல்லாருக்கும் ஒரே பயிற்சி. இதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் அதிகம், நான் பேச மாட்டேன். பல கிளப்களில் ஸ்பிரிண்ட் பயிற்சி என்று நடப்பது ஸ்பிரிண்டே இல்லை. 40 மீட்டர் ஓடு, நடந்து திரும்பு, மூச்சு வாங்கும்போதே மறுபடி ஓடு என்று பத்து தடவை. மூன்றாவது ஓட்டத்திலேயே வேகம் இறங்கிவிடும். அப்புறம் ஓடுவதெல்லாம் மூச்சுப் பயிற்சிதான். அதற்கும் ரக்பியில் இடம் உண்டு. ஆனால் அதனால் வேகம் கூடாது. பத்து மீட்டர் முழு வேக ஓட்டத்துக்கு ஒரு நிமிடம் ஓய்வு என்று தடகளப் பயிற்சியாளர்கள் கணக்கு வைத்திருப்பார்கள். 30 மீட்டர் ஓடினால் மூன்று நிமிடம் சும்மா நிற்க வேண்டும். மைதானத்தில் 24 பேர் சும்மா நிற்பதைப் பார்க்க எந்த கோச்சுக்கும் மனம் வராது. ஆனால் அந்த ஓய்வைக் கொடுத்து, வாரம் இரண்டு முறை, நான்கைந்து உண்மையான ஸ்பிரிண்ட் ஓடவைத்தாலே, இதுவரை அப்படி ஓடாத அணியில் ஏறக்குறைய எல்லாருக்கும் முன்னேற்றம் தெரியும். உங்கள் அணி இரண்டு மாதமாவது இதை ஒழுங்காகச் செய்யவில்லை என்றால் மற்ற மூன்று வழிகளையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். யாருக்கு என்ன குறை என்று பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டம் இன்னும் வரவில்லை.

இரண்டாவது வழி, விளையாடும் இடத்தை வைத்துப் பிரிப்பது. பதினைந்து பேர் ஆட்டத்தில் முன்னால் நின்று மோதும் எட்டு ஃபார்வர்டுகள், பின்னால் நின்று ஓடும் ஏழு பேக்குகள். ஃபார்வர்டுகளின் ஓட்டம் பெரும்பாலும் ஓரிரு நொடியில் முடிந்துவிடும். ரக்கிலிருந்து (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியும் தள்ளும் குவியல்) எழுந்து நாலு அடி, பந்தை வாங்கி ஐந்து மீட்டர், நேராக ஒரு ஆள்மேல் மோதல். பேக்குகள், அதிலும் விங்கரும், எல்லாருக்கும் பின்னால் நிற்கும் ஃபுல்பேக்கும், ஏற்கெனவே மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது வேகத்தை ஏற்றுவார்கள். அந்த ஓட்டம் 30, 40 மீட்டர் நீளும். ஆக இரண்டு குழுவுக்கும் தொடக்கமும் வேறு, தூரமும் வேறு. ஃபார்வர்டுகளைத் தரையில் குப்புறப் படுக்கவைத்து எழுந்து 10 மீட்டர் ஓடச் சொல்லலாம். பேக்குகளை 15 மீட்டர் மெல்ல ஓடிவந்து, கோனைத் தாண்டியதும் 20 மீட்டர் முழு வேகம் போகச் சொல்லலாம். இந்தப் பிரிவினைக்கு கருவி வேண்டாம், கணக்கு வேண்டாம், அரை மணியில் முடியும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஃபார்வர்டுகளுக்கு நேரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மோதலில் வேலை செய்வது உந்தம், அதாவது எடையை வேகத்தால் பெருக்கியது. 115 கிலோ புராப் (முன்வரிசை ஃபார்வர்டு) ஒருவர் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்தால் 690. 86 கிலோ சென்டர் (நடுவில் ஆடும் பேக்) 8 மீட்டர் வேகத்தில் வந்தால் 688. இருவரையும் டேக்கிள் செய்து வீழ்த்துகிறவருக்கு விழும் இடி ஏறக்குறைய ஒன்றுதான். இப்போது அந்த புராப் "வேகமாக வேண்டும்" என்று ஐந்து கிலோ குறைக்கிறார், வேகம் 2 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். 110 கிலோ, 6.12 மீட்டர், உந்தம் 673. ஸ்டாப்வாட்சில் முன்னேற்றம், மைதானத்தில் நஷ்டம். பழைய உந்தத்தைத் தொடவே அவர் 4.5 சதவீதத்துக்கு மேல் வேகம் ஏற்றியாக வேண்டும். 1995 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நியூஸிலாந்து விங்கர் ஜோனா லோமு நான்கு டிரை (கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1.96 மீட்டர் உயரம், 120 கிலோவுக்கு அருகில் எடை, அதோடு ஒரு விங்கருக்குரிய வேகம். அவரை நிறுத்த நினைத்தவர்கள் சமாளிக்க வேண்டியிருந்தது வேகத்தை மட்டும் அல்ல. ஆகவே ஃபார்வர்டுகளின் நோட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் அன்றைய எடையையும் எழுதுங்கள். ஒரு எண் மட்டும் இருந்தால் தப்பான முடிவுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

ஆனால் இந்த வழியில் ஒரு ஆபத்தான பழக்கம் ஒட்டிக்கொண்டு வருகிறது. "ஃபார்வர்டுக்கு நீளமான ஓட்டம் எதற்கு" என்று விட்டுவிடுவது. எங்கள் டைட்ஹெட் புராப் ஒரு நாள் நேராகவே கேட்டார்: "அண்ணா, நான் மேட்ச்ல முப்பது மீட்டர் எங்க ஓடுறேன்? எனக்கு எதுக்கு இது?" நியாயமான கேள்வி. ஆனால் ஆட்டத்தில் என்றாவது ஒரு முறை பந்து கையில் கிடைத்து முன்னால் ஆளே இல்லாமல் போகும். அல்லது எதிரணி விங்கர் தப்பித்து ஓட, அவரைத் துரத்த வேறு யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். பல மாதமாக முழு வேகத்தையே தொடாத தொடை அன்றைக்குத் திடீரென்று தொட்டால் பின்தசை, நாம் ஹாம்ஸ்ட்ரிங் என்று சொல்வது, பிடித்துக்கொள்ளும். கிழியவும் கிழியும். ஹாம்ஸ்ட்ரிங் காயத்தில் பெரும்பங்கு ஓடும்போதுதான் வருகிறது, மோதும்போது அல்ல. அதனால் வாரத்துக்கு ஒரு முறையாவது, இரண்டே ஓட்டமாவது, தன் உச்ச வேகத்தின் 90 சதவீதத்துக்கு மேல் எல்லாரும் போக வேண்டும். புராப் உட்பட. "உன் காலைக் காப்பாத்தத்தான்டா" என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பிரிவினையின் இன்னொரு ஓட்டை, ஜெர்சி எண்ணும் உடம்பும் ஒத்துப்போகாதது. ஏழாம் நம்பர் ஃபிளாங்கர் ஃபார்வர்டுதான், ஆனால் பல அணிகளில் சென்டரைப் போலத்தான் ஓடுவார். ஃபார்வர்டுகளின் பின்னாலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்ஹாஃப், பேக்குகளோடு எண்ணப்படுகிறவர், ஆனால் அவருடைய நாள் முழுக்க ஐந்து மீட்டர் ஓட்டம்தான். நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டு விங்கர்கள் ஒரே இடத்தில் விளையாடுகிறவர்கள். இடத்தை வைத்துப் பிரித்தால் இருவரும் ஒரே குழுவில்தான் விழுவார்கள். அவர்களுடைய பிரச்சினை தீராது.

மூன்றாவது வழி அதைத் தீர்ப்பதாகச் சொல்கிறது: விசை–வேகப் படம். பிரான்ஸைச் சேர்ந்த பியர் சமோசினோ, ழான் பெனுவா மோரான் ஆகிய ஆய்வாளர்கள் 2016 வாக்கில் எளிய முறை ஒன்றை முன்வைத்தார்கள். வீரரின் எடை, உயரம், ஐந்து ஐந்து மீட்டரில் எடுத்த நேரம் இவை இருந்தால் போதும். தொடக்கத்தில் அவர் தரையை எவ்வளவு விசையோடு தள்ளுகிறார், வேகம் ஏறிய பிறகும் எவ்வளவு தள்ள முடிகிறது என்று ஒரு கோடு வரைந்துவிடலாம். கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, விசை குறைந்தவருக்குக் கனமான பளு இழுக்கும் ஓட்டம், வேகம் குறைந்தவருக்கு நீண்ட முழு வேக ஓட்டம் என்று கொடுப்பது. நொடிக்கு 240 படம் எடுக்கும் ஃபோன் கேமரா போதும். மைஸ்பிரிண்ட் போன்ற செயலிகள் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடும்.

எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருந்தது. இரண்டு விங்கர்களையும் பார்த்தவுடன் இதற்காகத்தான் காத்திருந்தோம் என்று தோன்றியது. பளு வண்டி வாங்கப் பணம் இல்லை, அதனால் பழைய லாரி டயர் ஒன்றில் கயிறு கட்டி, இடுப்பு பெல்ட்டில் மாட்டினோம். எவ்வளவு கனம் வைப்பது என்பதில்தான் கற்றுக்கொண்டோம். வேகம் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, குறைந்தால் ஓடும் முறை கெட்டுவிடும் என்பது பழைய விதி. அப்புறம் வந்த ஆய்வுகள், தள்ளும் திறன் உச்சத்தில் இருப்பது உச்ச வேகம் பாதியாகக் குறையும் அளவுக்குக் கனம் வைக்கும்போது என்று காட்டின. அதாவது தனியாக நொடிக்கு 8 மீட்டர் ஓடுகிறவர், டயரோடு 4 மீட்டருக்கு மேல் போக முடியாத அளவுக்கு. 15-ஆவது மீட்டருக்கும் 20-ஆவது மீட்டருக்கும் நடுவே நேரம் எடுத்தால் சுமார் 1.25 நொடி வர வேண்டும். நான் இந்த எண்ணை வைத்துத்தான் கனம் ஏற்றுகிறேன், கிலோவை வைத்து அல்ல. காரணம் புல். காய்ந்த தரையில் இழுக்கவே வராத டயர், மழை பெய்த மறுநாள் வழுக்கிக்கொண்டு வருகிறது. அதே 40 கிலோ, இரண்டு வேறு பயிற்சி. ஆளுக்கு இத்தனை கிலோ என்று எழுதிவைத்துக் கடைப்பிடிக்கிறவர்கள் தங்களை அறியாமலே வாரத்துக்கு வாரம் வேறு வேறு பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இனி நான் தயங்கிய இடம். எங்கள் ஃபுல்பேக்கை செவ்வாய்க்கிழமை அளந்தோம், படம் "விசை குறைவு" என்றது. வியாழக்கிழமை மறுபடி அளந்தோம், "வேகம் குறைவு" என்றது. இரண்டு நாளில் ஒரு மனிதனின் உடம்பு அப்படி மாறாது. மாறியது, அவர் எந்தக் கணத்தில் அசைந்தார் என்று நான் வீடியோவில் தேர்ந்தெடுத்த படம்தான். தொடக்கத்தைச் சில படங்கள் முன்னே பின்னே வைத்தால் 0.02, 0.03 நொடி இடம் மாறும், கோட்டின் சாய்வும் மாறிவிடும். கையால் அமுக்கும் ஸ்டாப்வாட்ச் என்றால் பேச்சே வேண்டாம். பழைய தடகளக் கணக்கில் கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100 மீட்டருக்கு 0.24 நொடி கூட்டுவார்கள். என் இரண்டு விங்கர்களுக்கும் முதல் கோனில் இருந்த வித்தியாசமே 0.11தான்.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. குதித்தலை வைத்து 2017-இல் வந்த ஆய்வு, ஒவ்வொருவர் குறைக்கும் ஏற்பப் பயிற்சி கொடுத்தவர்கள் பொதுப் பயிற்சி செய்தவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள் என்றது. 2021-இல் நார்வேயில் செய்த ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. படத்தைப் பார்த்துப் போட்ட பயிற்சியும் பார்க்காமல் போட்ட பயிற்சியும் ஏறக்குறைய ஒன்றாகவே வேலை செய்தன. இதைப் படித்துவிட்டு நான் முறையைத் தூக்கிப் போடவில்லை. ஆனால் ஒரே ஒரு நாள் அளந்து ஒருவருடைய ஆறு வாரத்தை முடிவுசெய்வதை நிறுத்தினேன். மூன்று வெவ்வேறு நாளில் அளந்து, மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் நம்புகிறேன். 24 பேருக்கு இதைச் செய்ய எங்களால் முடியாது. நான்கு பேருக்கு முடியும்.

நான்காவது வழி, எண்ணைவிட ஓடும் முறையைப் பார்ப்பது. இதில் பழைய பள்ளி ஒன்று உண்டு: தடகள கோச்சைக் கூட்டிவந்து வீரர்களுக்கு ஓடக் கற்றுக்கொடுப்பது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆலன் வெல்ஸின் மனைவி மார்கோ வெல்ஸ், டேனி சிப்ரியானி உட்படப் பல இங்கிலாந்து ரக்பி வீரர்களுக்கு அப்படிப் பயிற்சி கொடுத்தவர். பலன் இல்லாமல் அவ்வளவு பேர் தேடிப் போயிருக்க மாட்டார்கள். ஆனால் தடகளத்தின் ஒரே சரியான வடிவத்தை ரக்பி வீரர்மேல் அப்படியே ஏற்றுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ரக்பியில் காலை ஊன்றிக் கிளம்பும் பிளாக் கிடையாது, கையில் பந்து இருக்கும், ஸ்டட் பூட்ஸ் போட்டிருப்பார், ஓடும்போதே எதிரில் வருகிறவனைப் பார்க்க வேண்டும்.

இதில் எனக்குத் தெளிவு கொடுத்தது ஜேம்ஸ் வைல்டும் அவருடைய குழுவும் தொழில்முறை ரக்பி பேக்குகளிடம் செய்த ஆய்வுகள். முதல் நான்கு அடிகளை மட்டும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். சிலர் நீளமான அடிவைத்துத் தரையில் அதிக நேரம் தள்ளுகிறார்கள், சிலர் குட்டி அடியை வேகவேகமாக வைக்கிறார்கள். இப்படி வேறு வேறு பாணியில் ஓடினாலும் கிளம்பும் திறன் ஒத்த அளவில் இருக்கிறது. ஆகவே எல்லாரையும் ஒரே பாணிக்கு மாற்ற வேண்டியதில்லை. இந்த ஆள், தன்னுடைய நல்ல ஓட்டத்தில் எதைச் செய்கிறார், மோசமான ஓட்டத்தில் எதைச் செய்யாமல் விடுகிறார் என்று அவரை அவரோடே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் இரண்டாவது விங்கரை அப்படிப் பார்த்தோம். பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் ஃபோனை வைத்து, எட்டு ஓட்டம். நல்ல ஓட்டங்களில் மூன்றாவது அடியில் பாதம் இடுப்புக்கு நேர் கீழே இறங்குகிறது. மோசமானவற்றில் ஒரு சாண் முன்னால் போய் விழுகிறது, உடம்பும் அங்கேயே நிமிர்ந்துவிடுகிறது. முன்னால் விழும் பாதம் தள்ளுவதற்குப் பதில் பிரேக் போடுகிறது. வீடியோவை அவரிடமே காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அண்ணா, நான் பந்து எங்க வருதுன்னு பார்க்கத் தலையைத் தூக்குறேன். அதான்" என்றார். எந்தச் செயலியும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது. அதற்கப்புறம் அவருக்குக் கொடுத்தது ஒரே ஒரு சொல்: "பின்னால தள்ளு." தலை, கை, முழங்கால் என்று வேறு எதையும் பேசவில்லை. ஆறு வாரத்துக்கு ஒரு திருத்தம். இரண்டாவதைச் சேர்த்தால் முதலாவதும் போய்விடுகிறது.

முதல் சில அடிகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கிறவர்களுக்கு 2023 உலகக் கோப்பைக் காலிறுதியை நினைவுபடுத்துவேன். பிரான்ஸின் தாமா ராமோஸ் கன்வெர்ஷன் (டிரைக்குப் பிறகு கிடைக்கும் கோல் உதை) உதைக்க அசைந்ததும் கோல் கோட்டிலிருந்து பாய்ந்த தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி அந்த உதையைத் தடுத்தார். கன்வெர்ஷனுக்கு இரண்டு புள்ளி. தென்னாப்பிரிக்கா வென்றது 29–28.

நான்கையும் பார்த்த பிறகு நாங்கள் எடுத்த முடிவு இது. அரை மணியில் முதல் பதினைந்து நிமிடம் இடத்தை வைத்துப் பிரித்த பயிற்சி. ஆனால் ஜெர்சி எண்ணைப் பார்க்காமல், அவர் ஆட்டத்தில் உண்மையில் எப்படி ஓடுகிறார் என்று பார்த்துக் குழுவில் போடுகிறோம். ஃபிளாங்கர்கள் இருவரும் பேக்குகளோடு ஓடுகிறார்கள், ஸ்க்ரம்ஹாஃப் ஃபார்வர்டுகளோடு. அடுத்த ஐந்து நிமிடம் எல்லாருக்கும் இரண்டு முழு வேக ஓட்டம். கடைசிப் பத்து நிமிடம் ஆளுக்கொரு வேலை. அதிலும் இருபது பேருக்கு அந்த வேலை இரண்டில் ஒன்று, டயர் அல்லது ஓடிவந்து ஏற்றும் ஓட்டம். எது என்பதைப் பத்து மீட்டர் நேரங்களை வைத்து முடிவுசெய்கிறோம். மீதி நான்கு பேருக்கு, அதாவது இரண்டு விங்கர், ஃபுல்பேக், எட்டாம் நம்பர் ஃபார்வர்டு இவர்களுக்கு மட்டும் மூன்று நாள் அளவும் எட்டு ஓட்ட வீடியோவும். எங்கள் ஆட்டத்தில் வேகம் முடிவை மாற்றும் இடம் இந்த நான்குதான்.

ஏழு பேர் ஆட்டமான செவன்ஸ் மட்டும் ஆடும் அணிக்கு இதை அப்படியே எடுக்கச் சொல்ல மாட்டேன். அங்கே முழு மைதானத்தில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர்தான், ஃபார்வர்டும் நீளமாக ஓடியாக வேண்டும். இடத்தை வைத்துப் பிரிப்பதில் பெரிய பொருள் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர்தான் என்பதால் ஒவ்வொருவரையும் தனியாகப் பார்க்கவும் முடியும். 2025-இல் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கும் செவன்ஸ்தான். சென்னை புல்ஸ் அதில் கோப்பை வென்ற பிறகு இங்கே புதிதாக ஆட வரும் பையன்கள் பெரும்பாலும் அந்த ஆட்டத்தைத்தான் கேட்கிறார்கள். அவர்களோடு வேலை செய்கிறவர்கள் மூன்றாவது, நான்காவது வழிகளுக்கு நேரே போகலாம், தரமான ஓய்வோடு ஓடிப் பழகிய பிறகு. பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு விசை–வேகப் படமே வேண்டாம். ஆறு மாதத்தில் கால் நீளம் மாறுகிற வயதில் வரைந்த கோடு எதற்கும் உதவாது. ஓடட்டும், துரத்தட்டும், நன்றாக ஓய்வெடுக்கட்டும்.

சீசன் நடுவில் ஓடும் முறையைத் திருத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை ஆட்டம் வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை ஒருவருடைய மூன்றாவது அடியைக் கலைத்தால், சனிக்கிழமை அவர் பந்தைப் பார்ப்பாரா, காலைப் பார்ப்பாரா? திருத்தமெல்லாம் ஆட்டமில்லாத மாதங்களில்.

இரண்டாவது விங்கரின் முதல் பத்து மீட்டர் ஆறு வாரத்துக்குப் பிறகு 1.80. மூன்று நாள் அளந்தோம்: 1.80, 1.81, 1.79. கடைசிப் பத்து அதே 1.14, அது கெடவில்லை என்பதில்தான் எனக்கு அதிக நிம்மதி. முதல் விங்கருக்கு டயரை நிறுத்திவிட்டு நீண்ட ஓட்டம் கொடுத்தோம். 1.21 இன்னும் 1.20-இல்தான் நிற்கிறது. அது அளவுப் பிழைக்குள் அடங்கிவிடும் வித்தியாசம், அதனால் முன்னேற்றம் என்று அவரிடம் சொல்லவில்லை. இன்னும் ஆறு வாரம் அதே வேலை, அப்புறம் மறுபடி அளப்போம். மைதானத்தின் அதே மூலை, அதே பூட்ஸ், காய்ந்த தரை.